லைன் இல்லாத வீட்டில் பிரவுசர்

ஜூன் 4, திங்கள்

காலையிலேயே வெயில். கரண்ட் போய் மதியம்தான் வந்தது. ராமுலு செட்டியாரின் பட்டுச்சேலை முந்தி டிசைன் பாதியில். சனிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

பாப்பா பள்ளிக்குப் போன பிறகு சுமதி வந்து என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நம்ம கம்ப்யூட்டர்ல பிரவுசர் போட்டுக் குடுங்களேன்."

"பிரவுசரா? நம்ம வீட்ல போன் லைனே இல்லியேமா."

"லைன் வேணாம். பிரவுசர் மட்டும் போதும்."

"லைன் இல்லாம அத வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

"போடுங்க, சொல்றேன்."

சொல்லவில்லை. சாம்பாருக்குத் தாளிக்கப் போய்விட்டாள். இந்த வார்த்தை அவளுக்கு எங்கிருந்து வந்தது? நானே இந்தக் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுவதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. பழைய மெஷின். விண்டோஸ் 95. சிடி டிரைவ் கூடக் கிடையாது.

பார்க்க வேண்டியவை: செட்டியார் முந்தி, யானை வரிசை. யூ.பி.எஸ். ரிப்பேர். பாப்பா சாக்ஸ். பிரவுசர் (எதற்கு?).

ஜூன் 5, செவ்வாய்

காந்தி ரோட்டில் பாஷா பாயின் பிரவுசிங் சென்டர். ஒன்றாய்ப் படித்தவன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"கனெக்ஷன் இல்லாத ஊட்டுக்கு பிரவுசரா? இன்னாத்துக்குபா?"

"அதான் எனக்கும் தெரியல."

அவனிடம் சிடியில் இருக்கிறது. என் மெஷினில் சிடி போகாது. அதனால் அதைத் துண்டு துண்டாக வெட்டி ஃப்ளாப்பிகளில் ஏற்றித் தந்தான். ஒரு கட்டு. ரப்பர் பேண்ட் போட்டு.

கிளம்பும்போது சாதாரணமாகத்தான் சொன்னான். "அண்ணிதான் மத்தியானத்துல இங்க வராங்களே, அவங்க கையிலயே குடுத்திருப்பேனே. நீ ஏன் வெயில்ல வந்த?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியாதா உனக்கு? சரி வுடு" என்று அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டான்.

சுமதி மதியத்தில் அங்கே போகிறாளா? எத்தனை நாளாக? நான் சாப்பிட்டுப் படுக்கும் நேரம் அது.

இரவு சாப்பாடு உப்புமா. எதுவும் கேட்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஜூன் 6, புதன்

ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். நடுவில் ஒன்று படிக்கவில்லை. டிரைவ் கறகறவென்று சத்தம். திரும்பப் போட்டாலும் அதேதான். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனமில்லையாம். எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் ஒன்றாகும்.

கெட்டதை மாற்ற மதியம் பாஷா கடைக்குப் போனேன். வாசலில் சு.வின் செருப்பு. வார் அறுந்து நான் ஊசிநூல் போட்ட அதே செருப்பு. உள்ளே போகவில்லை. எதிரே டீக்கடையில் நின்றேன். டீ ஆறிப்போனது.

பேப்பரில் போடுகிறார்கள், இந்த இண்டர்நெட் சாட்டில் பெண்கள் முகம் தெரியாதவர்களிடம் பேசுகிறார்கள் என்று. பக்கத்துத் தெருவில்கூட ஏதோ பேச்சு. சு. அப்படியா? இல்லை. இல்லை என்றால் ஏன் சொல்லவில்லை?

அவள் போன பிறகு போய் ஃப்ளாப்பியை மாற்றிக்கொண்டு வந்தேன். பாஷாவிடம் கேட்கவில்லை.

ஜூன் 7, வியாழன்

இன்று புதுத் தொல்லை. டிஸ்கில் இடம் இல்லையாம். பழைய டிசைன்களை அழித்தேன். ருத்ராட்சக் கரை, கோபுரக் கரை இரண்டு, யாரும் வாங்காத கிளி. சு. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

மனசு கேட்கவில்லை. கேட்டேவிட்டேன். "இதுல யார் கூடப் பேசப்போற?"

அவளுக்குப் புரியவில்லை. "பேசறதா? லைனே இல்லியேங்க. யார் கூடப் பேசறது?"

உண்மைதான். லைன் இல்லாமல் சாட் கிடையாது. அப்படியென்றால் என் சந்தேகம் தப்பு. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் முன்பைவிடக் குழப்பம். யாரோடும் பேச முடியாத, எதையும் பார்க்க முடியாத ஒன்று, எதற்கு இவ்வளவு அவசரமாக?

"திங்கக்கெழமக்குள்ள ஆயிடும் இல்ல?" என்றாள்.

திங்கட்கிழமை என்ன?

ஜூன் 8, வெள்ளி

பிரவுசர் ஏறிவிட்டது. நீலப் பட்டை மெதுவாக நகர்ந்து, முடிந்தது என்றது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். சுமதி சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினாள்.

டிசைன் சாஃப்ட்வேர் திறக்கவில்லை.

மறுபடி. மறுபடி. ஏதோ ஃபைல் பொருந்தவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது. சரி என்று அழுத்தினால் மறைகிறது. அவ்வளவுதான்.

கோயமுத்தூர் டீலருக்குக் கடைத்தெரு பூத்திலிருந்து போன். அவன்தான் போட்டுக் கொடுத்தவன், அதன் ஃப்ளாப்பிகளும் அவனிடம். அடுத்த வாரம் காஞ்சிபுரம் வரும்போது பார்க்கிறேன் என்றான். நாளை சனிக்கிழமை. செட்டியார் தறியில் பாவு நூல் ஏற்றிவிட்டார். என் படத்தைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அட்டை இல்லாவிட்டால் தறி ஓடாது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "ஒண்ணுத்துக்கும் ஒதவாத சாமானுக்கு என் பொழப்பக் கெடுத்துட்டியே!" பாப்பா ஹோம்வொர்க்கை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டது.

சு. அழவில்லை. பரணில் ஏறி எதையோ தேடினாள். கம்ப்யூட்டர் வாங்கும் முன் நான் வேலை செய்த கட்டத்தாள் சுருள், பழைய பேனா டப்பா. கொண்டுவந்து தரையில் விரித்தாள்.

"எந்தக் கட்டம்னு சொல்லுங்க. நானும் போடறேன்."

ஜூன் 9, சனி

காலையிலிருந்து தரையில்தான். நேற்று முன்தினம் எடுத்த பிரிண்ட் நல்லவேளையாக இருந்தது. அதில் இல்லாததை மனதிலிருந்து வரைந்தேன். நான் பென்சிலில் யானையின் வெளிக்கோடு, அவள் உள்ளே சிவப்பு மை. கழுத்து பிடித்துக்கொண்டது.

சிவப்பு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். பாஷா கடை மாடியில் பெண்களுக்கு வகுப்பு நடக்கிறதாம். இண்டர்நெட்டில் மற்றவர்கள் பார்க்கிறார்களே, அந்தப் பக்கங்களை எழுதும் வகுப்பு. கம்ப்யூட்டரில் இருக்கும் நோட்பேடில் எழுத வேண்டும். எழுதியது எப்படித் தெரிகிறது என்று பார்க்க பிரவுசர் வேண்டும். லைன் தேவையில்லை, எழுதியது நம்ம மெஷினிலேயே இருக்கிறதே. கடையில் பழகினால் மணிக்குக் காசு, பின்னால் ஆள் நிற்கும். திங்கட்கிழமை கிண்டியில் ஒரு கம்பெனியில் இண்டர்வியூ. சொந்தமாக ஒரு பக்கம் செய்து ஃப்ளாப்பியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எதுக்குன்னு கேப்பீங்க. எனக்கே தெரியல எதுக்குன்னு. கெடைக்காதுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

"பாப்பாவ யார் பாத்துக்கறது?"

"நீங்க ஊட்லதான வேலை செய்யறீங்க."

யோசித்தேன். யானையின் காலில் ஒரு கட்டம் தப்பாகப் போனது. பிளேடால் சுரண்டினேன்.

சாயங்காலம் செட்டியார் வந்தார். கட்டத்தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஏமய்யா, கம்ப்யூட்டரு இன்னா ஆச்சு?" சொன்னேன். "கையிலயே நல்லாத்தான கீது" என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அப்பாடா.

ஜூன் 10, ஞாயிறு

சு. எழுதிய பக்கத்தைப் பிரவுசரில் திறந்தோம். நம் ஊரிலிருந்து போகும் பஸ்களின் நேரம். ஸ்ரீபெரும்புதூர், தாம்பரம், செங்கல்பட்டு. பச்சை எழுத்து, மஞ்சள் பின்னணி. கண் கூசியது. பஸ் படம் வரவேண்டிய இடத்தில் வெறும் பெட்டி, அதில் சிவப்புப் பெருக்கல் குறி. அவள் திரும்பத் திரும்ப நோட்பேடில் எதையோ மாற்றினாள், பிரவுசரில் பார்த்தாள். மாற்றினாள், பார்த்தாள். எனக்கு அந்த < > கோண அடைப்புகள் ஒன்றும் விளங்கவில்லை.

திடீரென்று பஸ் வந்துவிட்டது. சிவப்பு பஸ். பாப்பா கை தட்டியது.

"செங்கல்பட்டு வண்டி அந்த நேரத்துக்குக் கெளம்பாதே" என்றேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. திருத்தினாள்.

ஜூன் 11, திங்கள்

விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் விட்டேன். சாயங்காலம் வந்து, "சொல்லி அனுப்பறாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேனா, கூடாது என்றா? பாப்பாவுக்குத் தோசை சுட்டேன். கருகியது.

ஜூன் 13, புதன்

டீலர் வந்தான். பிரவுசர் ஏதோ ஃபைலை மாற்றிவிட்டதாம். பழையதைத் திரும்பப் போட்டான். இப்போது இரண்டும் ஓடுகிறது. "லைன் இல்லாத மெசின்ல பிரவுசர் எதுக்குங்க?" என்றான். என் மனைவி பக்கம் எழுதுகிறாள் என்றேன். என்ன பக்கம் என்றான். கோண அடைப்பு போட்டு எழுதுவது என்றேன். அவனுக்கும் புரியவில்லை.

ஜூன் 14, வியாழன்

பாஷா கடைக்குப் போன் வந்ததாம். சு.வை வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம். திங்கட்கிழமை சேர வேண்டும். சு. சிரித்தாள், உடனே அழுதாள். நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அல்வா வாங்கப் போனேன். கடையில் நிற்கும்போதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது.

ஜூன் 18, திங்கள்

தூறல். முதல் நாள். சு.வை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட். கை காட்டினாள், வண்டி திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து பாப்பாவை எழுப்பிக் குளிக்க வைத்து யூனிஃபார்ம் போட்டாயிற்று. ரிக்‌ஷா தெருமுனையில் மணி அடிக்கிறது. பாப்பா என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தோளுக்கு மேலே இரண்டு சிவப்பு ரிப்பனை நீட்டுகிறது.

"ரெட்ட ஜடை பா. மடிச்சுக் கட்டணும். அம்மா சொல்லல?"

சொல்லவில்லை. சீப்பு கையில். வகிடு நெற்றியிலிருந்து எடுப்பதா, பின்னாலிருந்தா?