ரவைக்கோதைத் தண்ணியிலை கழுவச் சொன்னேன்

என்ரை ராசாவாக இருந்த என்ரை மனுசனுக்கு,

நீங்கள் கண்ணை மூடிப் பத்து மாதம். மில்லிக்கன் வீடு அப்படியேதான் இருக்கிறது. பேஸ்மென்றில் மட்டும் கம்பளம் இல்லை. ஏன் இல்லையெண்டு சொல்லத்தான் எழுதுகிறேன். ஐஞ்சாம் வகுப்புக்காரி எழுதுகிறேன், பிழை கண்டால் வழக்கம்போலச் சிரியுங்கோ.

போன மாதம் எங்கடை மகன் நந்தன் உங்கடை துவக்குச் சாமான் பெட்டியைத் திறந்தான். லைசென்ஸ் எடுத்திட்டானாம், இனித் தானும் கிளப்புக்குப் போய்ச் சுடப்போகிறானாம். வெடித்த பித்தளைக் கோதுகளை வீசாமல் துப்புரவாக்கி, திரும்பவும் வெடிமருந்து நிரப்பப்போகிறானாம், உங்களைப்போல.

"அம்மா, கோது துடைக்க அப்பான்ரை அதிருற மெசின் போதுமோ, இல்லாட்டித் தண்ணி விட்டுச் சுழட்டிற ட்ரம் ஒண்டு வாங்கட்டோ?"

இந்த வீட்டில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

நீங்கள் கேட்கவில்லை. நானாகத்தான் ஒருக்கால் செய்து பார்த்தேன். பித்தளைக் குடம் மினுக்கின கைதானே என்ற பெருமையில், உங்கடை கோதுகளைப் புளிக்கரைசலில் ஒரு நாள் முழுக்க ஊறவிட்டேன். பித்தளை உக்கி இளஞ்சிவப்பாகிப் போனது. இனி இதில் மருந்து போட்டால் பிளந்து கண்ணைக் கெடுக்கும் என்றீர்கள். சரி, பிழை என்னுடையதுதான். அதுக்காக அந்தக் கோதுகளை ஒரு தட்டில் வைத்து, கூட்டாளிகளுக்குத் தேத்தண்ணியோடு நீட்டினீர்களே!

"எடுங்கோ, ஐஞ்சாம் வகுப்பு வைச்ச புளிக்கறி."

சிரித்தார்கள். அந்தத் தட்டையும் நான்தான் கழுவினேன்.

பிறகும் வாய் மூடி இருந்தேனோ?

"இஞ்சாருங்கோ, உந்த மெசின் தூசி கக்குது. காயப்போட்ட உடுப்பெல்லாம் கரி. புளி வேண்டாம், சும்மா சவர்க்காரத் தண்ணியிலை கழுவினால் தூசி பறக்காதே."

"உனக்கென்ன தெரியும்? போய் உன்ரை சட்டியைக் கழுவு."

ரவைக்கோதுகளோடு வால்நட் கொட்டை ஓட்டுத் தூளைக் கொட்டி, பேஸ்மென்றில் மெசினை ஓடவிட்டு, பிறகு எல்லாத்தையும் சல்லடையில் அரிப்பீர்கள். கரும்புகை மாதிரி எழும்பும். அது படிந்த கம்பளத்தில்தான் மீரா தவழப் பழகினாள். நந்தனின் மகள், உங்கடை செல்லப் பேத்தி.

பெட்டியின் அடியில் நாலாக மடித்த கடதாசி ஒன்று கிடந்தது. டொக்டர் உங்களுக்குக் குடுத்தது. நந்தன் வாசித்தான், நிறுத்தினான், திரும்ப வாசித்தான். உங்கடை ரத்தத்தில் ஈயம் கூடியிருக்கு. கோதுக்குள் ஒட்டியிருக்கிற வெடிக்கரியில் ஈயம் இருக்கும், உலர்வாகத் துடைத்தால் பறக்கும், தண்ணீரில் கழுவுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சோதியுங்கள்.

"எப்ப குடுத்தது, தம்பி?"

"மீரா பிறக்க முதல், அம்மா."

மனுசி சொன்னது சரியெண்டு ஒத்துக்கொள்ள அவ்வளவு கஷ்டமாக இருந்ததோ? உங்களைக் கொண்டுபோனது இருதயமோ, அந்தத் தூசியோ?

மீராவைக் கொண்டுபோய்ச் சோதித்தோம். அவளின் ரத்தத்திலும் ஈயம். ரண்டரை வயது முடிந்தும் ஒரு சொல்லைத்தான் திருத்தமாகச் சொல்கிறாள். 'அப்பப்பா.' உங்களைத்தான். பேச்சுப் பிந்துவது ஈயத்தாலையோ என்று இப்போது சொல்ல ஏலாதாம். பொறுத்துப் பார்க்கட்டாம். படியில் குந்தியிருந்து நந்தன் அழுததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மனதாரச் சொல்கிறேன், பார்த்திருக்க வேண்டும்.

துவக்கையும் வித்துப்போடுவம் என்றான். வேண்டாம் என்றேன். துவக்கு என்ன செய்தது? மெசினையும் சல்லடையையும் கம்பளத்தையும் வெளியேற்றினோம். இனி மூடி போட்ட ட்ரம், சூடுதண்ணி, சவர்க்காரம், கோதோடு உருண்டு கரி சுரண்டச் சின்ன உருக்கு ஊசிகள். அதுவும் கராஜில், கையுறையோடு. நாலு தண்ணியில் அலசி, உள்ளுக்குள் ஈரமில்லாமல் காயவிட்டுத்தான் மருந்து. அழுக்குத் தண்ணியை வேறாகப் பிடித்து, நச்சுக் கழிவு எடுக்கிற இடத்தில் குடுக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல நந்தன் எழுதினான். ஐஞ்சாம் வகுப்பு சொல்ல, எஞ்சினியர் மகன் எழுதினான்.

வருசம் முடியப்போகுது, ஆட்டைத் திவசம் வருகிறது. ஐயருக்குச் சொல்லட்டோ என்று கேட்கிறான். சொல்லாதே என்றுவிட்டேன். மீராவின் ரத்தம் சுத்தம் என்று டொக்டர் சொல்லுமட்டும் இந்த வீட்டில் உங்களுக்கு ஒரு பிடி சோறு படைக்க மாட்டேன். காகம் வந்து கத்தினாலும் கதவு திறவேன். பசித்திருங்கோ. இது சத்தியம்.

இப்படிக்கு,
மீராவின்ரை அப்பம்மா