ஒரே எண் பொறித்த மூன்று வாட்சுகள்

நேற்று மாலை கோவளம் பேருந்தில் எனக்கு முன்னால் நின்றவர் கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தினார். சட்டைக் கை சரிந்தது. நீ வாங்கிய அதே வாட்ச். நீல முகப்பு, அதற்குள் மூன்று சின்ன வட்டங்கள். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"மகாபலிபுரத்துலமா. இப்ப அந்தக் கடையே இல்ல."

மூட வைத்தவள் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும்.

நாவலூர் ஆபீசில் மாப்பும் துடைப்பமும் பிடித்த நம் எல்லோரிலும் உன்னைத்தான் நம்பிப் பணம் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் சாரின் கடைசி நாளுக்கு நல்ல வாட்சாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "ஒரிஜினலாம்டி. வாரண்டி கார்டுகூட குடுத்துகிறான்" என்றாய். அவ்வளவு பெருமை உன் முகத்தில்.

செயினில் இரண்டு கண்ணி எடுக்கச் சார் அதைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார். ரிப்பேர்காரர் டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டார். சார் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டார்கள். மலிவாக ஒன்றை வாங்கிவிட்டு மீதியை நீ எடுத்துக்கொண்டாய் என்று கேன்டீனில் வைத்தே சொன்னார்கள்.

மறுநாள் சாரிடம் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு நாம் இருவரும் மகாபலிபுரம் கடைக்குப் போனோம். கடைக்காரன் எழுந்திருக்கக்கூட இல்லை. "நல்லத வூட்ல வெச்சிகினு டூப்ளிகேட்டத் தூக்கினு வந்து நிக்கிறியா? போமே." உன் கையில் ஒழுங்கான பில் இல்லை. சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நீ எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீ இல்லை. உன் சாவு வீட்டிலும் ஒருத்தி அந்த வாட்சைப் பற்றி முணுமுணுத்தாள். அந்தக் கடைக்காரனை விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

என்னிடமே இருந்த அந்த வாட்சோடு செங்கல்பட்டு ரிப்பேர்காரரைத் தேடிப் போனேன். அவர் பொறுமையாகக் காட்டினார். பக்கத்துப் பட்டனை அழுத்தினால் சின்ன முட்கள் ஓட வேண்டும். உன் வாட்சில் அவை வெறும் பொம்மை. பெயரின் எழுத்துகள் கண்ணாடி வைத்துப் பார்த்தால் பிசிறடித்தன. "முக்கியமா பின்மூடி நம்பரப் பாரும்மா. அந்தக் கம்பெனியில ஒவ்வொரு வாட்சுக்கும் தனி நம்பர். டூப்ளிகேட் அடிக்கிறவன் அதையெல்லாம் மாத்தமாட்டான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு, கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என் தம்பிகள் இரண்டு பேருக்கும் நீல முகப்பில் ஒரே மாதிரி வேண்டும் என்றேன். இரண்டையும் எடுத்து வைத்தான். திருப்பிப் பார்த்தேன். ஒரே எண். என் பையிலிருந்து உன் வாட்சை எடுத்தேன். அதிலும் அதே எண். மூன்றையும் உரக்கப் படித்தேன். வாங்க நின்றவர்கள் தங்கள் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் பிடித்தார்.

"அக்கா, உள்ள வாங்க. காச வாங்கிக்குங்க. ஏன் பேஜார் பண்றீங்க?"

"காசு வேணாம். அவ உன்கிட்டதான் வாங்கினான்னு எழுதிக் குடு. இன்னா வெலைக்கு வித்தன்னும் எழுது."

எழுதிக் கொடுத்தான். அதைக் கேன்டீனில் நின்று படித்தேன். சாவு வீட்டில் முணுமுணுத்தவளைப் பெயர் சொல்லி எழுப்பி, இன்னொரு முறை அவளையே படிக்க வைத்தேன். அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

அந்தப் படம் பரவி, வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றிய அன்று நான் எதிரில் நின்று டீ குடித்தேன். என்னைப் பார்த்தான். பார்க்கட்டும் என்றுதான் நின்றேன். டீ இனித்தது.

ஆனால் ஒன்றை நீயும் நானும் மட்டும்தான் அறிவோம். கேன்டீனில் அவர்கள் உன்னைத் திருடி என்றபோது நீ என் பக்கம் திரும்பினாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பணத்தை எடுத்திருப்பாளோ என்று ஒரு நொடி நினைத்தேன். நீ அதைப் பார்த்துவிட்டாய். கடைக்காரனை நடுத்தெருவில் நிறுத்தினேன். அந்த ஒரு நொடிக்கு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்துவேன், சொல்.