பதினொரு நிமிடம் சும்மா இருந்தது குறித்து

அனுப்புநர்:
வரிசை எண் 17,
கணினி வன்பொருள் பிரிவு,
வேலை இழந்தோருக்கான தொழிற்பயிற்சி நிலையம்.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
தொழிற்பயிற்சித் தேர்வு அலுவலகம், மூன்றாம் மாடி.

பொருள்: எங்கள் வகுப்பில் இருபத்து நான்கு பேருக்கும் தேர்வு நுழைவுச்சீட்டு மறுக்கப்பட்டது – அதற்கு ஆதாரமான வாக்குமூலத்தை எழுதியவர் தரும் விளக்கம் – இன்று மாலை ஐந்து மணிக்குள் ஆணையை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். தொழிற்சாலை மூடப்பட்டபின் இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன். திங்கட்கிழமை தேர்வு. நுழைவுச்சீட்டு கொடுப்பது இன்றோடு முடிகிறது. "அடுத்த பேட்ச்ல எழுதிக்கலாமேம்மா, ஏன் இப்படி அலையறீங்க?" என்று தங்கள் பிரிவு எழுத்தர் மூன்று முறை சொல்லிவிட்டார். நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு இன்னும் இரண்டு மாதத்தில் நாற்பத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் இந்தத் திட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். எனக்கு அடுத்த பேட்ச் கிடையாது.

2. சென்ற செவ்வாய்க்கிழமை வந்த ஆய்வு அலுவலர் அவர்கள் நான்கு குற்றங்களைக் குறித்துச் சென்றார். பயிற்றுநர் வகுப்பறையில் இல்லை. பயிற்சியாளர்கள் மாடிப்படியில் ஏறி இறங்கித் திரிந்தனர். ஒருவர் கணக்கு முடியுமுன்பே விடையை எழுதி, பிறகு கிழித்துப்போட்டார். ஒருவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். நான்கும் உண்மை ஐயா. அவர் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். ஆனால் அன்று நாங்கள் அனைவரும் சேர்ந்து கணினியின் மூளையான ஒரு பிராசசராக இருந்தோம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

3. இதை விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும். எங்கள் நிலையத்தில் எட்டு கணினிகள், இரண்டுதான் ஓடுகின்றன. மூடியைத் திறந்தாலும் பிராசசர் என்று நகத்தளவு கறுப்புச் சில்லு தெரியுமே தவிர, அதற்குள் நடப்பது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆறு வாரம் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தோம், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவரான பயிற்றுநர்தான் எங்களையே ஆளுக்கொரு பாகமாக்கினார். ஒருவர் கட்டளைகளை வரிசையாக வாசிப்பார். நான்கு பேர் ஆளுக்கொரு எண்ணைச் சிலேட்டில் எழுதிப் பிடித்திருப்பார்கள். கூட்டல் கழித்தல் செய்பவள் நான். மேல்மாடிப் பொருள் அறைதான் மெமரி. ஒவ்வொரு எண்ணையும் அங்கிருந்து சீட்டில் எழுதி எடுத்துவர வேண்டும்.

4. மாடிப்படியில் திரிந்தவர்கள் அந்தச் சீட்டுகளைக் கொண்டுவந்தவர்கள். முன்பு அழகு நிலையம் வைத்திருந்த அக்கா ஒருவர் முட்டிவலியோடு ஒன்பது தடவை ஏறி இறங்கினார். அன்று ஓர் ஆள் குறைந்ததால் மெமரியில் நின்று சீட்டு எடுத்துக் கொடுத்தவர் பயிற்றுநரே.

5. விடையைக் கிழித்தவர் முன்பு பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் கண்டக்டர் அண்ணன். கூட்டுத்தொகை நூறைத் தாண்டினால் ஒரு வழி, தாண்டாவிட்டால் வேறு வழி என்று ஒரு கட்டளை இருந்தது. இக்காலப் பிராசசர் விடை வரும்வரை காத்திருக்காது. எந்த வழி என்று ஊகித்து அந்த வேலையை முன்கூட்டியே தொடங்கிவிடும். ஊகம் தவறினால் செய்ததைத் தூக்கி எறிந்துவிட்டு மற்ற வழியில் போகும். அண்ணன் ஊகித்தார், தவறினார், கிழித்தார். அவர் ஊகம் எப்போதும் தவறும் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. அதற்காக விடையை முன்பே பார்த்துக் காப்பியடித்ததாக அவர் மீது குற்றம் சுமத்தப்படும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

6. சும்மா உட்கார்ந்திருந்தவள் நான். கூட்டுவதற்கு எனக்குச் சில நொடிகள் போதும். சீட்டு வரத்தான் நேரமாகும். எவ்வளவு நேரம் வெறுமனே காத்திருக்கிறேன் என்று குறிக்கச் சொல்லியிருந்தார் பயிற்றுநர். பன்னிரண்டு நிமிடத்தில் பதினொன்று! எவ்வளவு வேகமான பிராசசரும் மெமரிக்காகக் காத்துக் கிடக்கிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் அலுவலர் வந்து, "என்னம்மா பண்றீங்க?" என்றார். "பதினோரு நிமிஷமா சும்மாதான் சார் இருக்கேன்" என்றேன். பெருமையாகச் சொன்னேன் ஐயா. அவர் தாளை நீட்டி, "அப்படியே எழுதிக் குடுங்க" என்றார். பாடத்தின் முடிவைக் கேட்கிறார் என்று நினைத்து, தெளிவான கையெழுத்தில் எழுதி, ஒப்பமும் இட்டேன். நான் ஒரு மடச்சி. இன்னும் கால் மணி நேரம் அவர் நின்றிருந்தால், அடிக்கடி தேவைப்படும் சீட்டுகளை என் மேசையிலேயே ஒரு தட்டில் வைத்துக்கொண்டபோது காத்திருப்பு மூன்று நிமிடமாகக் குறைந்ததையும் பார்த்திருப்பார். அந்தத் தட்டுக்கு, அதாவது பிராசசரின் பக்கத்திலேயே இருக்கும் சிறு மெமரிக்கு, பெயர் கேஷ் (cache). திங்கட்கிழமைக் கேள்வித்தாளில் அது கட்டாயம் வரும்.

7. "பயிற்சியாளர் ஒருவரின் வாக்குமூலப்படி வகுப்பே நடைபெறவில்லை" என்று ஆணை வந்தது. பயிற்றுநரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யார் அந்த ஒருவர் என்று மூன்று நாளாக எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து, "யாரா இருக்கும்?" என்று கேட்டேன். என் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்ன பழுதுபார்க்கும் கடைக்காரர் சான்றிதழ் இல்லாமல் சேர்க்கமாட்டார். அதெல்லாம் கிடக்கட்டும். அழகு நிலைய அக்கா நேற்று, "எவளோ எழுதிக் குடுத்துட்டா, நல்லா இருப்பாளா?" என்று என் தோளில் சாய்ந்து அழுதார்.

8. ஆகவே தங்களை வேண்டுவது: எந்தக் கட்டளைத் தொகுப்பை வேண்டுமானாலும் கொடுங்கள், தங்கள் அலுவலக வராந்தாவிலேயே ஓட்டிக் காட்டுகிறோம். அதற்கு நேரமில்லையென்றால், பயிற்றுநரையும் அழைத்து ஒரு வார்த்தை கேளுங்கள். ஆணையை ரத்து செய்து இருபத்து நான்கு பேருக்கும் நுழைவுச்சீட்டு வழங்குங்கள். முடியாது, யாராவது ஒருவர் மீது நடவடிக்கை வேண்டும் என்றால், அந்த வாக்குமூலம் என்னுடையது. என்னை மட்டும் நீக்கிவிட்டு மற்ற இருபத்து மூன்று பேரை எழுத விடுங்கள். எனக்கும் தேர்வு எழுத வேண்டும் ஐயா, மிகவும் எழுத வேண்டும். ஆனாலும் இந்த வரியை எழுதிவிட்டேன்.

தங்கள் பதிலுக்காக அலுவலக வாசலில் காத்திருக்கும்,
(ஒப்பம்)
வரிசை எண் 17

இடம்: மூன்றாம் மாடி வராந்தா
நாள்: வெள்ளிக்கிழமை, காலை 10.20

நகல்: வகுப்பின் மற்ற இருபத்து மூன்று பேருக்கும் – இன்று காலை என் கையால் கொடுக்கப்பட்டது.