கல்லோயாச் சந்திக்கு இரண்டு பெட்டி

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
09.09.1997

அன்பு மகன் யோகலிங்கத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே இருக்கிறோம், அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உறங்கி நல்லபடி இருக்க வேண்டும் என்று பத்திரகாளி அம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். மனம் ஒரு நிலையில் இல்லை, எதையாவது விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அதனால் சொல்ல வேண்டியவற்றை முதலிலேயே எண் போட்டு வைக்கிறேன்.

1. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நோய் நொடி எதுவும் இல்லை.
2. பெட்டி என்று நீ கேள்விப்பட்டது எந்தப் பெட்டி.
3. கல்லோயாப் புகையிரதச் சந்தியை நான் ஏன் சாப்பாட்டு மேசையில் பொம்மையாகக் கட்டினேன்.
4. நீ வழக்கைக் கைவிட்டு இங்கே வரக் கூடாது.
5. ஆமினா உம்மாவில் ஒரு பிழையும் இல்லை, பிழை முழுவதும் என்னுடையது.

முதலாவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, நான் உயிரோடு இருக்கிறேன், இதை எழுதுவது நான்தான். நேற்றுக் காலை தொலைபேசிக் கடை இராசதுரை சைக்கிளில் மூச்சு வாங்க வந்து, கொழும்பிலிருந்து குலசிங்கம் மாமா எடுத்தவர், அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுப்பாராம், உடனே வாருங்கள் என்றார். நான் விழுந்தடித்துக்கொண்டு போய் ரிசீவரைத் தூக்கினால், அத்தான், நீங்கள் உயிரோடதானே இருக்கிறியள் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பிறகுதான் விஷயம் வெளிவந்தது. நீ அழுததையும், அகதி வழக்கைத் திரும்பப் பெறும் தாளில் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப் போவதையும், விமானச் சீட்டுக்குச் சொல்லி வைத்திருப்பதையும் மாமா சொன்னார். என்னோடு கதைத்து முடித்ததும் உனக்கு எடுத்து, அப்பாவின் குரலை இப்போதுதான் கேட்டேன் என்று சொல்லியிருக்கிறார், நீ நம்பவில்லையாம், அதையும் மாமாவே எனக்குத் திரும்ப எடுத்துச் சொன்னார். சின்னம்மா விஷயத்திலயும் இப்பிடித்தான் சொன்னனீங்கள் மாமா, அப்பாவின்ர கையெழுத்தில ஒரு கடிதம் காட்டுங்கோ, அப்ப நம்புறன் என்றாயாம். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை, தலை குனிந்தது. சின்னம்மா யோகமலர் செத்ததை உன் விசாரணை முடியும்வரை மறைக்கச் சொன்னது நான்தான், பிறகு நாங்கள் அனுப்பிய போட்டோவில் பின்சுவரில் அவளுடைய படத்துக்கு மாலை போட்டிருந்ததை நீயே கண்டுபிடித்தாய், அன்றைக்கு நீ பட்ட பாட்டை மாமா சொன்னவர். அப்படியான ஒருவன் இப்போது சுகம் என்று சொன்னால் நீ எப்படி நம்புவாய்.

இரண்டாவதுக்கு வருகிறேன். போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நீ தொலைபேசி எடுக்கும் நாள், நாங்கள் கடையில் இருந்திருக்க வேண்டும். அன்று காலையில் நான் மேசையில் தண்டவாளம் ஒட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் பாதை இரண்டாகப் பிரிகிற இடம், பசை இறுகும்வரை விரலால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் இரண்டு கம்பியும் விலகிவிடும். அம்மாவுக்கு அன்று தலையிடி. பக்கத்து வீட்டு ஆமினா உம்மா கட்டாரில் இருக்கிற தன் மகனின் அழைப்புக்காக அதே கடைக்குப் போக நின்றா. எனக்குக் கால் ஏலாது, தம்பிக்குச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். என் காலுக்கு ஒன்றுமில்லை, பொம்மைத் தண்டவாளத்தை விட்டு வர மனமில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ உன்னிடம் சொன்னது இதுதான்: வாப்பாவுக்குக் கால் ஏலாதாம் மகன், வெளியிலயே வாறதில்ல, பெட்டிக்குச் சொல்லியாச்சு, எங்கட மனுசன்தான் செய்றார், அளவெல்லாம் அவரே எழுதிக் குடுத்திட்டார், ரெண்டு பெட்டி. அத்தோடு லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேலாக, இந்த எட்டொன்பது நாளும், வெளிநாட்டு இணைப்பு எதுவும் ஊருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு எதற்கு, மற்றது அம்மாவுக்கா என்று நீ மாமாவிடம் கேட்டாயாம். தம்பி, அது சவப்பெட்டி இல்லை, கோச்சிப் பெட்டி, பொம்மைப் புகையிரதத்தின் பெட்டி. ஒரு சாண் நீளம். ஆமினா உம்மாவின் கணவர் மஹ்ரூப் தேயிலைப் பெட்டிப் பலகையில் யன்னல் வெட்டிச் செய்கிறார், சக்கரத்துக்கு மரத்து நூல் கட்டைகளின் விளிம்பை அறுத்து எடுத்தோம். நம்முடைய ஆட்கள் யாராவது ஒரு கிழவனைப் பற்றி அந்த வசனத்தைச் சொல்ல வாயெடுத்திருந்தால் பாதியில் நாக்கைக் கடித்திருப்பார்கள். ஆனால் அவர்கள் மையித்தை, நாங்கள் பிரேதம் என்பதை, சந்தூக்கு என்கிற பாடையில் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டி இல்லாமல் அடக்குகிறவர்கள். அவவுக்குப் பெட்டி என்றால் உடுப்புப் பெட்டி, மீன் பெட்டி, கோச்சிப் பெட்டி, வேறு நினைவே வராது. இவ்வளவு காலம் வேலிக்கு வேலி இருந்தும் இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மூன்றாவது, ஏன் கட்டினேன் என்பது. கோச்சி இங்கே ஒழுங்காக வருவதில்லை என்பது உனக்குத் தெரியும், வந்தாலும் ஏறப் பயம். பின்னேரம் ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். முப்பது வருடம் துறைமுகத்தில் கட்டட வரைபடம் வரைந்தவனுக்கு வெறும் கையோடு கதிரையில் இருக்க ஏலாது. முதலில் கடதாசியில் சந்தியின் படத்தை அளவோடு வரைந்தேன், நன்றாக வந்திருந்தது. அன்றைக்கே, ஒரு புகையிரத நிலையத்தின் படம் வீட்டில் இருப்பதைச் சோதனைக்கு வருகிறவர்கள் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று பயம் பிடித்து, கிழித்துக் குசினியில் அடுப்பில் போட்டேன். கடதாசிப் படத்துக்குத்தான் பயம், மேசையில் முழு ஸ்டேசனையும் கட்டி வைக்கப் பயமில்லையோ என்று அம்மா கேட்டா. யாராவது வந்தால் மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டுவிடுகிறேன். தண்டவாளத்துக்குக் குடைக் கம்பி, குறுக்குக் கட்டைக்கு ஐஸ்பழக்காரரிடம் வாங்கிய பாவிக்காத குச்சி, கைகாட்டிக்குப் பால்மா டின்னின் தகரம். குடைகளில் ஒன்று அம்மாவின் நல்ல குடை, அதையும் நான் கேட்காமல்தான் எடுத்தேன். மழை வந்தால் கோச்சிக்குள்ளே ஏறி நிற்கிறதோ, சோற்றைக் கல்லோயாவிலே வைக்கிறதோ என்று அவ கேட்டுக்கொண்டே இருக்கிறா. இப்போது நாங்கள் குசினியில் பலகையில் இருந்து சாப்பிடுகிறோம். படம் இல்லாமல் ஞாபகத்தில் கட்டியதால் சில இடம் சந்தேகம், தண்ணீர்த் தாங்கி எந்தப் பக்கம் என்று எனக்கும் மஹ்ரூபுக்கும் இன்னும் தீரவில்லை. முதல் பெட்டியை உருட்டிப் பார்த்தபோது பிரிகிற இடத்தில் எங்கள் திருகோணமலைப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்றது, எத்தனை தரம் விட்டாலும் மட்டக்களப்புப் பக்கம்தான் போனது. மஹ்ரூப் சிரித்துவிட்டு, ஐயா, இதுக்கும் பயம் போல, ஊருக்கு வரமாட்டன் எண்டுது என்றார்.

எந்தச் சந்தியையும் கட்டியிருக்கலாம், கல்லோயாவைத்தான் கட்டினேன், அதற்கான காரணம் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது, எழுதுவது நான்தான் என்பதற்கு அதையே சாட்சியாக எழுதுகிறேன். நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது கண் வைத்தியரிடம் காட்டிவிட்டுக் கொழும்பிலிருந்து இரவுக் கோச்சியில் வந்தோம். கல்லோயாவில் கோச்சியை இரண்டாகக் கழற்றி ஒரு பாதியை மட்டக்களப்புக்கும் மறு பாதியைத் திருகோணமலைக்கும் அனுப்புவார்கள். நாம் இருப்பது எந்தப் பாதி என்று கோச்சிக் கார்ட்டிடம் கேள் அப்பா என்று நீ சொன்னாய், நான் கேட்கவில்லை, அவர் அதட்டிவிடுவாரோ என்று கூச்சம். விடியக் கண் விழித்தால் மட்டக்களப்புப் பாதையில் இருக்கிற பொலன்னறுவை. மேடையில் நின்று, கேட்டிருந்தால் நாக்குத் தேய்ந்துபோயிருக்குமா அப்பா என்றாய். அங்கே வாங்கிய தயிர்ச்சட்டியோடு வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் கோச்சி சுணங்கிப் பிந்திவிட்டது என்று சொன்னோம்.

நாலாவதுதான் முக்கியம். நீ அங்கே போய்ச் சேர்ந்த பாடும், முகாமில் இருந்த பாடும், விசாரணைக்காகக் காத்திருந்த பாடும் வீணாகக் கூடாது. வழக்கை விட்டு வந்தால் திரும்பப் போக ஏலாது. கொழும்பில் இறங்கினால் அங்கே ஒரு விசாரணை, வழி நெடுகச் சோதனைச் சாவடி, உன் வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இங்கே எப்படி இருக்கிறார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. உன்னைக் காண எங்களுக்கு ஆசை இல்லாமலா. ஆனால் ஒரு கிழவனின் விளையாட்டாலும் ஒரு பொய்யாலும் உன் வாழ்க்கை தடம் மாறிப் போனால் அதைச் சுமந்துகொண்டு இருக்க என்னால் ஏலாது. நேற்று முதல் அம்மா என்னோடு கதைப்பதில்லை. கதைத்தது ஒரேயொரு தரம், பிள்ளையின்ர வழக்கையும் பசை போட்டு ஒட்டுவியளோ என்று கேட்டா.

ஐந்தாவது, ஆமினா உம்மா. விஷயம் தெரிந்ததும் வந்து வாசலிலேயே நின்று, யா அல்லாஹ், என்ர வாயால பிள்ளைக்கு இப்பிடி ஆகிப்போச்சே என்று அழுதா. மஹ்ரூப் இரண்டாவது பெட்டியைப் பாதியில் நிறுத்திவிட்டார். அவவை ஒன்றும் சொல்லாதே, அடுத்த தரம் கதைக்கும்போது நீயே இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லு. மஹ்ரூபின் தம்பி நாளை விடிய மீன் லொறியில் கொழும்புக்குப் போகிறார், இந்தக் கடிதத்தை அவர் மாமாவிடம் கொடுப்பார், நீ வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்கு மாமா பக்ஸில், தொலைநகலில், அனுப்புவார். முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள், இவ்வளவு தாள் போகும். குளிர் தொடங்கப் போகிறது என்று எழுதியிருந்தாய், காலுறை போடாமல் படுக்காதே, இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு கிடக்காதே.

கோணேசப் பெருமான் உன்னைக் காப்பார், எங்கள் இருவருடைய ஆசியும் உன் தலைமேல் எப்போதும் உண்டு. மறக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. இணைப்பு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் இருப்பேன், எந்தப் பசை காய்ந்தாலும் காயாவிட்டாலும் இருப்பேன்.

இந்த இடத்தில் கையெழுத்துப் போடுமுன் அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். பொலன்னறுவைக் கதை அவவுக்கு அன்றைக்கே தெரியுமாம், அந்தத் தயிர்ச்சட்டியை யார் கொழும்பில் வாங்குவார்கள் என்று கேட்டா. பிறகு முதல் தாளைத் திருப்பி முதலாம் எண்ணில் விரலை வைத்தா. இதை ஏன் இப்படி எழுதினீங்கள், எழுத்தைக் கண்டாலே பிள்ளைக்கு விளங்காதோ, சின்னம்மாவை மறைத்துப் பட்டது போதாதோ என்றா.

அவ சொல்வது சரி. பங்குனி மாதம் ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பை என் வலது கையிலிருந்து விழுந்தது, கை மரத்துப்போயிருந்தது, வாயும் கொஞ்சம் கோணியது. மூளைக்குப் போகிற இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டதாம், ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை வைத்திருந்தார்கள். வாய் நேராகிவிட்டது, நடை சரி, மருந்துக் குளிசை எடுக்கிறேன். கைதான் முழுதாகத் திரும்பவில்லை. சின்னச் சின்னப் பொருளைப் பிடித்து விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டொக்டர், ஐஸ்பழக் குச்சி வெட்டத் தொடங்கியது அப்படித்தான். இந்தக் கடிதத்தை இரவு முழுவதும் எழுதினேன், எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது அதனால்தான், வேறு யாரோ எழுதியதால் இல்லை. நீ வழக்கை விட்டு வந்துவிடுவாய் என்று பயந்து மறைத்தேன், மறைத்ததால்தான் நீ வர வெளிக்கிட்டாய். முதலாம் எண் பிழை, எனக்கு வருத்தம் உண்டு, உள்ளது இவ்வளவுதான், இதற்கு மேல் ஒளித்தது எதுவும் இல்லை. அதைத் திருத்திவிட்டேன், இனி நாலாவதை நீ நம்பலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
வே. காசிநாதர்