இந்த முறை விழித்திருந்தேன்

2 டிசம்பர் 2024, திங்கள்

கொல்கத்தா நியூ டவுனில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. பால்கனியில் போட்ட துணி சாயங்காலம் வரை ஈரமாகவே இருக்கிறது.

டாக்டர் சென்குப்தாவைப் பார்த்துவிட்டு வந்தோம். குழந்தை தலை திரும்பியாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியே வந்தது. மஹிமா பிறந்தது சிசேரியனில் என்பதற்காக இதுவும் அப்படித்தான் என்று இல்லையாம். வலி தானாக வந்தால் சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம். பழைய தழும்பு பிரிந்துவிடக்கூடும். அபூர்வம்தான், ஆனால் நடந்தால் பெரிய ஆபத்து. வேண்டாமென்றால் ஜனவரியில் நாள் குறித்து ஆபரேஷன். அதிலும் ரத்தப்போக்கு, தையலில் சீழ் என்று பயப்பட வேண்டியவை உண்டு, எழுந்து நடமாடவும் நாளாகும். இரண்டில் எது என்று நான்தான் சொல்ல வேண்டும் என்றார்.

வீடு வந்ததும் ஜெயந்த், "நீ எது சொன்னாலும் எனக்குச் சரி" என்றான். இது துணையா, நழுவலா?

8 டிசம்பர், ஞாயிறு

அப்பாவைப் பார்க்க லேக் கார்டன்ஸ் போனோம். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டுக்கு வந்தார்கள். அம்மா போய் இரண்டு வருஷம். இப்போது அவர் மட்டும். லிஃப்ட் கிடையாது, மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன்.

மஹிமா பிறந்து நான் படுத்துக் கிடந்தது அந்த முன்னறையில்தான். அதுவும் குளிர்காலம். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழும்வரை காத்திருந்து அம்மா குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பாள். பட்ஜ்பட்ஜ் லோக்கல் போகும்போது ஜன்னல் அதிரும். "ஏய், மெல்லப் போ, பிள்ளை தூங்குது" என்று ரயிலை அதட்டுவாள். சிரித்தால் எனக்குத் தையல் வலிக்கும். அதனால் அப்பா ஜோக் அடிக்கக் கூடாதென்று உத்தரவு.

அந்தப் பிரசவத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. விடிய விடிய வலி, திடீரென்று குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கிவிட்டது, ஓட்டமாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். முழு மயக்கம். கண் விழித்தபோது எல்லாம் முடிந்து, துடைத்து, துணி சுற்றியிருந்தது. முதலில் கையில் வாங்கியவள் அம்மா. ஒவ்வொரு பிறந்தநாளிலும் சொல்வாள்: "வெளியே கொண்டாந்ததும் கண்ணை உருட்டி உருட்டிப் பாத்தா. யாரைத் தேடுதான்னு எனக்குத் தெரியாதா?" மகளின் முதல் சில மணி நேரம் எனக்கு அம்மாவின் குரலாகத்தான் தெரியும்.

12 டிசம்பர், வியாழன்

திருச்சியிலிருந்து மாமியார் பேசினார்கள். ஜெயந்த் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

"வலியே வராம, நாமளே நாள் பாத்து வயித்தைக் கிழிக்கிறதா? பயந்துட்டியாம்மா?"

பயம்தான் அத்தை என்றேன். "எதுவானாலும் மார்கழி வேண்டாம். தை பொறக்கட்டும்" என்றார்கள்.

17 டிசம்பர், செவ்வாய்

டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். முயன்று பார்த்து, முடியாமல் அவசரமாக உள்ளே கொண்டு போனால், மறுபடி முழு மயக்கம் கொடுப்பீர்களா? பெரும்பாலும் வேண்டியிருக்காது, நேரமே இல்லையென்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். திட்டமிட்டுச் செய்தால்? முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், அநேகமாக விழித்துத்தான் இருப்பாய்.

நாள் குறியுங்கள் என்றேன். ஜனவரி இருபது.

டாக்ஸியில் அழுதுவிட்டேன். ஜெயந்துக்குக் காரணம் சொல்ல வரவில்லை. இங்கே சொல்கிறேன். அம்மா இருந்திருந்தா நான் துணிஞ்சு வலிக்காகக் காத்திருப்பேனோ என்னவோ. மயங்கிக் கெடந்தாலும் பாத்து வச்சுச் சொல்ல அவ இருந்தா. இப்ப யாரு இருக்கா? நானே பாத்தாத்தான் உண்டு.

18 டிசம்பர், புதன்

அப்பாவுக்குப் போன் செய்து தேதியைச் சொன்னேன்.

"நான் வந்து இருக்கேன்" என்றார்.

"உங்களுக்குப் பிள்ளைபெத்தவளைப் பாத்துக்க என்னப்பா தெரியும்?"

"தெரியாது. கேட்டுக்கிடுதேன்."

21 டிசம்பர், சனி

கரியாஹாட் கடைத்தெரு. முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி வாங்க வேண்டும். அப்பாவும் வந்தார். நான் பொறுக்கும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்துக் கடையில் தொங்கிய பைகளைப் பார்த்தபடி நின்றார். விலை பேச வேண்டிய இடத்தில் மட்டும் திரும்பி, அம்மா பேசுவது போலவே, "தாதா, எவ்வளவு வருஷமா வரோம்" என்று கடைக்காரரை அண்ணன் முறை சொல்லி வங்க மொழியில் ஆரம்பித்தார். அது அம்மாவின் வசனம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நகர்ந்தோம். ஆரஞ்சுப் பழம் வாங்கினோம்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

அப்பா தினமும் திருச்சிக்குப் போன் போடுகிறாராம். அத்தை சொல்லிச் சிரித்தார்கள்: "உங்கப்பா பூண்டை நல்லெண்ணெயில வதக்கணுமா நெய்யிலயான்னு மூணாவது தடவையாக் கேக்குறாரு." அத்தைக்கு என் மேலிருந்த வருத்தம் இந்தப் பூண்டில் கரைந்துகொண்டிருக்கிறது.

19 ஜனவரி, ஞாயிறு

பை தயார். மஹிமா, "நாளைக்குப் பாப்பா எந்தப் பக்கமா வரும்?" என்று கேட்டாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். "நானும் இங்கேருந்துதானா?" ஆமாம்.

23 ஜனவரி, வியாழன்

இன்றுதான் பேனாவைப் பிடிக்க முடிகிறது. திங்களன்று பையன் பிறந்தான்.

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். குனிந்து உட்காரச் சொல்லி முதுகில் ஊசி போட்டார்கள். கால்கள் சூடாகி, கனத்து, பிறகு என்னுடையவையாக இல்லாமல் போயின. மார்புக்கு மேலே பச்சைத் திரை. ஜெயந்த் தலைமாட்டில். வலி இல்லை, ஆனால் கட்டிலடியில் கைவிட்டு யாரோ பெட்டியை இழுப்பதுபோல் உடம்பு ஆடியது. பயந்து கண்ணை மூடப் போனேன். மூடவில்லை.

அப்புறம் கரகரவென்று ஒரு குரல். தொண்டை கட்டிய கிழவர் மாதிரி. அதுதானா? அதுதான். நர்ஸ் அவனைக் கொண்டு வந்து என் கன்னத்தோடு வைத்தாள். ஈரம். சூடு. நெற்றியெல்லாம் வெள்ளை மாவு. வலது கண்ணை மட்டும் திறந்தான். பாத்தேம்மா. நானே பாத்தேன்.

பழைய தழும்பு உறுதியாகத்தான் இருந்ததாம். அப்படியென்றால் முயன்றிருந்தால் நடந்திருக்குமோ? இருக்கலாம். என்னையே கேட்டுக்கொண்டேன். வருத்தமாக இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

25 ஜனவரி, சனி

எத்தனையோ மறந்திருக்கிறேன். மறுநாளே எழுந்து நடக்க வைத்தது; ஒருக்களித்து, கையை ஊன்றி, காலைக் கீழே விட்டு எழும்போது வயிறு இரண்டாகப் பிரிவது போன்ற பயம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வாயு தோள்பட்டை வரை குத்துகிறது. ரத்தம் கட்டாமலிருக்க ஊசி. பால் இன்றுதான் சுரக்கத் தொடங்கியது; அதுவரை அவன் கத்தினான், நானும் அழுதேன்.

போன தடவை இதெல்லாம் இருந்ததா? இருந்திருக்கும். எனக்கு ஞாபகம் இருப்பது வெயிலும் அம்மாவும்தான்.

29 ஜனவரி, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா கூடத்தில் கட்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய முதல் பூண்டுக் குழம்பு கசந்தது. வெந்தயம் கருகிவிட்டது. முழுவதும் சாப்பிட்டேன்.

மஹிமா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இரண்டு கையையும் நீட்டி, "கோலே நாவ்" என்றாள். வங்க மொழியில், தூக்கிக்கொள்ளேன் என்கிறாள். குழந்தையைத் தவிர வேறு எடை எதுவும் தூக்கக் கூடாது. முடியாதுடா கண்ணு என்றேன். "அவனை மட்டும் தூக்குறே." கட்டிலில் ஏறி என் பக்கத்தில் படுத்துக்கொள் என்றேன். வெகுநேரம் கழித்து வந்து, முதுகைக் காட்டிப் படுத்தாள்.

3 பிப்ரவரி, திங்கள்

கீழே குடியிருப்பில் சரஸ்வதி பூஜை. மஞ்சள் புடவைச் சிறுமிகள் லிஃப்டில் ஏறி இறங்குகிறார்கள். தையலின் ஓரத்தில் எரிச்சல். நைட்டியில் சின்னக் கறை. ஒன்றுமிருக்காது.

4 பிப்ரவரி, செவ்வாய்

அப்பா கஞ்சியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"மூஞ்சி சரியில்லயே."

"தூக்கமில்லப்பா."

"உங்கம்மான்னா நீ சொல்லாமலே கண்டுபிடிச்சிருப்பா. எனக்குச் சொன்னாத்தான் தெரியும். சொல்லு."

அப்பாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? நாற்பது வயதை நெருங்குகிறேன், வெட்கம் போகவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னேன். குளிர் மாதிரி இருக்கு, தையல்லேருந்து நீர் வருது. அவர் முகம் மாறவில்லை. ஜெயந்த் ஆபீசிலிருந்து வரும்வரை காத்திருக்காமல் டாக்ஸியை வரவழைத்தார். குழந்தையைத் தாமே தூக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து, மாத்திரை கொடுத்தார்கள். ஆழமாகப் போகவில்லை, வந்தது நல்லது என்றார் டாக்டர். காய்ச்சலோ நீரோ கண்டால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று கடிந்துகொண்டார்.

திரும்பும்போது அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ பொறந்தப்போ நான் கப்பல்துறையில டியூட்டி. சாயங்காலம்தான் வந்தேன். அவ என்ன பாடு பட்டான்னு கேக்கவே இல்ல."

15 பிப்ரவரி, சனி

காய்ந்துவிட்டது. குழம்பும் கசக்கவில்லை.

2 மார்ச், ஞாயிறு

அப்பா லேக் கார்டன்ஸுக்குத் திரும்பினார். பையனுக்கு விக்ரம் என்று பெயர் வைத்தாயிற்று. வீடு திடீரென்று பெரிதாகத் தெரிகிறது.

8 மார்ச், சனி

பரிசோதனை. எல்லாம் ஆறிவிட்டது, மெல்ல மெல்ல வேலைகளைத் தொடங்கலாம். தழும்பைச் சுற்றி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. மாதக்கணக்காகுமாம்.

வீட்டுக்கு வந்து மஹிமாவைத் தூக்கினேன். கனத்துவிட்டாள். கொஞ்ச நேரம்தான்.

22 மார்ச், சனி

ஜெயந்துக்கு இன்றும் ஆபீஸ். ஓலா பிடித்து, இரண்டு பிள்ளைகளோடு நானே லேக் கார்டன்ஸ் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. மஹிமா முன்னால் ஓடினாள். விக்ரமைத் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, நிதானமாக ஏறினேன்.

என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். அப்பா முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. சமையலறையில் ஒரு பாத்திரத்தில் காலையில் வைத்த சோறு மட்டும்.

மஹிமாவை உஷ் என்று அடக்கி, விக்ரமை அவர் பக்கத்தில் கிடத்தினேன். புடலங்காய் இருந்தது. கூட்டு வைத்து, மிளகு ரசம் கொதிக்கவிட்டேன். ரயில் போன சத்தத்தில் விழித்தவர், பக்கத்தில் குழந்தையைப் பார்த்து, எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தார்.

தட்டு போட்டேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றார். பிறகு தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.