ஒன்றாம் வகுப்பின் இடைவேளை

ஜூன் 12, வியாழன்
எழுபது வயதில் எழுதப் படிக்கக் கற்றவன் என்ற திமிர் எனக்கு இருக்கிறது. இருக்கட்டும்!

பேத்தி பகலில் உட்காரும் ஒன்றாம் வகுப்பு பெஞ்சில்தான் மாலையில் நான். முழங்கால் முகவாயில் இடிக்கும். தலைமை ஆசிரியையே எங்கள் கிழட்டு வகுப்புக்கும் வாத்தியார்.

இன்று பெற்றோர் கூட்டம். சின்ன வகுப்புகளுக்குக் காலை இடைவேளையை எடுத்துவிட்டு வாசிப்பு வகுப்பு வைக்கலாமா என்று கேட்டார். முதலில் எழுந்தவன் நான்.

“விளையாட்டு சோறு போடுமா? எடுத்துடுங்க. கண்ணிருந்தும் குருடனா இருந்தவன் சொல்றேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மருமகள் தட்டவில்லை.

ஜூன் 18, புதன்
மருமகள் தட்டை வைத்த சத்தம் தெருமுனைக்குக் கேட்டிருக்கும்.

“ஆறு வயசுப் புள்ள, மதியம் வரைக்கும் எழுந்திருக்கவே விடலையாம். இன்னைக்குப் பாவாடையை நனைச்சுட்டு வந்திருக்கா. எல்லாம் உங்க வாய், மாமா.”

“படிக்கிற புள்ள கொஞ்சம் பொறுத்துக்கணும்” என்றேன். தப்பா? தப்பில்லை.

ஜூன் 19, வியாழன்
பேத்தி பேசவில்லை. போகட்டும்.

ஜூன் 26, வியாழன்
கடைப் பலகைகளை யார் முதலில் வாசிப்பது என்று எனக்கும் அவளுக்கும் போட்டி நடக்கும். இன்று கூப்பிட்டேன். காதைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்கு எழுத்தே பிடிக்கல. உன்னையும் பிடிக்கல.”

என்னைப் பிடிக்க வேண்டாம். நாசமாய்ப் போகிறேன். எழுத்து — எழுத்து என்ன பாவம் செய்தது?

ஜூலை 3, வியாழன்
மாலை வகுப்பில் டீக்கு விடவில்லை. தேர்வு வருகிறதாம். கொஞ்ச நேரத்தில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர ஆரம்பித்தது. கால் மரத்துவிட்டது. எழுந்தேன்.

“உட்காருங்க. டீ சோறு போடுமா?” என்றார் தலைமை ஆசிரியை. சிரிக்கவே இல்லை. பழிகாரி.

பக்கத்து பெஞ்ச் தையல்காரர் என் விலாவில் இடித்தார். “வாங்கிக் கட்டிக்கிட்டியா பெரிசு?”

அதே பெஞ்ச். பேத்திக்கு ஆறு வயது.

ஜூலை 4, வெள்ளி
காலையிலேயே போய்ச் சண்டை போட்டேன்.

“இடைவேளையைத் திருப்பிக் குடுங்க.”

“எடுக்கச் சொன்னதே நீங்கதானே?”

“சொன்னேன். இப்போ மாத்திச் சொல்றேன். கெஞ்ச வரலை, சண்டைக்கு வந்திருக்கேன்.”

அவர் குரலும் ஏறியது. “மைதானத்துல பார்த்துக்க எனக்கு ஆள் இல்ல. போன வருஷம் ஒருத்தன் மண்டையை உடைச்சுக்கிட்டான். அவன் அப்பா என்னை அடிக்காத குறைதான். நீங்க வந்து நிப்பீங்களா?”

“நிப்பேன்.”

“தினமும்?”

தினமும்டி, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 21, திங்கள்
மைதானத்துச் சுவரோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் முறைப்புத் தாத்தா. ஒரே காட்டுக் கத்தல்.

சற்று முன் என் முகத்தில் பந்து விழுந்தது. கண்ணாடி வளைந்துவிட்டது.

“குறி பார்த்துத்தான் அடிச்சேன்!” — பேத்தி.

தலைமை ஆசிரியை ஜன்னலில் எட்டிப் பார்த்தார். “என்ன சத்தம்?”

“ஒண்ணுமில்ல. உங்க வேலையைப் பாருங்க” என்றேன்.

பந்தை எடுக்க வந்தவள் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டாள். “அய்யே, எவ்ளோ கோணல்! தள்ளு” என்று பென்சிலைப் பிடுங்கினாள். ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டுப் பந்தோடு ஓடிவிட்டாள்.

மேலே ‘முகத்தில்’ என்பதற்கு அடுத்துப் பெரிதாக இருக்கும் ‘பந்து’ நான் எழுதியதல்ல.