வெறும் தீனிக் கூண்டு

ஆகஸ்ட் 6, 2019
குளத்தில் செத்து மிதந்த பாசா மீனை அறுத்துப் பார்த்தேன். ஈரலெல்லாம் வெள்ளைப் புள்ளி. போன தடவை கடை மருந்து போட்டதற்கு, மீனில் மருந்து தங்கியிருக்கிறது என்று மீன் வாங்கும் ஆலைக்காரர்கள் படகோடு திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு முறை அப்படி ஆனால் குளத்தையே விற்க வேண்டியதுதான். கொய்யா இலை கேட்குமா?

அண்ணன் சிரிக்கிறார். "அது உன் வயித்துப்போக்குக்குத்தான் தங்கச்சி கேட்கும்!"

ஆகஸ்ட் 8
குளத்திலேயே இரண்டு வலைக்கூண்டு கட்டி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மீனை மட்டும் விட்டோம். ஒன்றுக்கு இலைச்சாறு ஊறிய தீனி, மற்றதற்கு வெறும் தீனி. சாறு கரையாமலிருக்க மீன் எண்ணெய் பூசினேன். எண்ணெய்தான் குணமாக்கியது என்று நாளை எனக்கே சந்தேகம் வரும், அதனால் வெறும் தீனிக்கும் பூசினேன். இலை ஜெயித்தால் குளம் முழுக்க இலை.

ஆகஸ்ட் 13
இலைக் கூண்டில் சாவு குறைகிறது! வெறும் கூண்டில் தினமும் மிதக்கிறது. பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 15
பௌர்ணமி விரதம். வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. என் கணவர் லுவான் கூண்டருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 19
வெறும் கூண்டிலும் சாவு நின்றுவிட்டது. குளத்தில் மட்டும் நிற்கவில்லை. அப்படியானால் கூண்டில் நெரிசல் குறைவாக இருப்பதுதான் காரணமா? இலை ஒன்றுமே இல்லையா? சே.

ஆகஸ்ட் 20
மருந்துக்கடைக்குப் போகப் படகை அவிழ்த்தேன். லுவான் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"போகாத. பௌர்ணமியிலருந்து அந்தக் கூண்டுக்கும் நான் இலைத் தீனிதான் போடுறேன்."

"என்னது!"

"விரதத்தன்னிக்கு அதுங்க சாகறத பாத்துக்கிட்டு எப்படி நிக்கிறது? ஒருநாள் போட்டேன். அப்புறம் நிறுத்த மனசு வரல."

கத்தினேன். எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே, இனி எனக்கு எப்படித் தெரியும் — பாதியில் வாய் நின்றது. பௌர்ணமி வரை செத்தது. அப்புறம் நின்றது. அதே கூண்டு, அதே நெரிசல், புதிதாகப் போனது இலை மட்டும். இரண்டு தடவை பதில் கிடைத்திருக்கிறது!

படகைத் திரும்பக் கட்டினேன்.

ஆகஸ்ட் 22
வாய்க்கால் கரைக் கொய்யா மரமெல்லாம் மொட்டை. அண்ணன் வீட்டு மரமும்தான்.

செப்டம்பர் 4
காலையில் செத்த மீன் அள்ள வலைக்கரண்டியோடு குளத்துக்குப் போனேன். அள்ள ஒன்றுமில்லை.

அடுத்து வெற்றிலையைச் சோதிக்க வேண்டும். அதற்கும் ஒரு வெறும் தீனிக் கூண்டு வேண்டும். அது இல்லாமல் எதுவும் தெரியாது. லுவானிடம் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். அதில் மீன் சாவதை அவர் மறுபடி பார்க்க வேண்டுமே.